எச்சம்

கணக்கில் மிஞ்சுவதற்கு எங்கள் அலுவலகத்தில் எச்சம் என்று பெயர்.
ஆன்டெனா மூடியின் மேல் காகம் விட்டுப் போவதற்கும்
அதே பெயர்தான்.
பவானிசாகருக்கு வந்த முதல் மாதம்
இரண்டையும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் போகிறது அது.
இந்த வரியை நான் எழுதி முடிப்பதற்குள்
புளியம்பட்டி, அவினாசி, பல்லடம் கடந்து
உடுமலைக்கு மேலே இருக்கும்.
அப்படி ஓடுவது எங்கே இருக்கிறதென்று
இரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லவேண்டும்.
சொல்லாவிட்டால், அது ஒரு விரற்கடை வழி தப்பியதை
மண் ஒரு விரற்கடை இறங்கியதாக
எழுதி அனுப்பிவிடும்.

"ஏனுங் அம்முணி,
மேல போறதுக்கே தான் எங்க போறமுன்னு தெரியாதுங்களா?"
கேட்டவர் கிட்டுச்சாமி, அணை லஸ்கர்.
தெரியும், ஆனால் உறுதியாகத் தெரியாது என்றேன்.
"அப்ப நம்மளாட்டமேதானுங்."

வெயில் அதன் தகடுகளைத் தள்ளுகிறது.
அவ்வளவு உயரத்திலும் மிச்சமிருக்கும் காற்று உரசுகிறது.
நிலா இழுக்கிறது,
நீலகிரியின் கனமும் அதன் பங்குக்கு.
எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது
பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அரிசி இறைத்த மாதிரி சிதறிக் கிடக்கவேண்டும்.
ஆனி முழுக்க அப்படித்தான் கிடந்தது.

ஆடிப் பதினெட்டு கழிந்ததும் ஒரே பக்கம் சாயத் தொடங்கியது.
ஒரு நாளைக்கு ஒரு தலைமயிர் அளவு இருக்காது.
ஆனாலும் தினமும்.
பள்ளிக்கூடத்தில் படித்த வினையெச்சம் போல
'தாழ்ந்து' என்று நின்றது கோடு,
முடிக்கும் வினை இல்லாமல்.

பெங்களூரிலிருந்து தபஸ்ஸும் போனில் வந்தாள்.
வெயிலின் தள்ளுவிசையை மூன்று தரம் மாற்றிப் போட்டாள்.
நான் ஏணி வைத்து ஏறி, மைனா செருகியிருந்த
சோளத்தட்டுச் சக்கைகளைப் பிடுங்கினேன்,
கேபிள் மாற்றினேன்,
மேற்கிலிருந்து வரும் காற்றைத் திட்டினேன்.
நாற்பது நாள்
வானத்தை மட்டுமே சந்தேகப்பட்டோம்.
என் காலடியில் இருந்த காங்கிரீட் தூணை யாருமே கேட்கவில்லை.
கோப்பில் அதன் பெயருக்கு எதிரே
'நிலை' என்று போட்டிருந்தது.

ஒரு சாயங்காலம், அணை வாசலில்
மீன் வறுபடக் காத்திருந்தபோது
கிட்டுச்சாமி பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தார்.
நேற்று 96.40. இன்று 97.85.
அந்த ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றத்தை
வேறெங்கோ பார்த்திருந்தேன்.

ரிஜிஸ்டரை இரவல் வாங்கினேன். எண்ணெய் பட்டுவிடுமே என்று
புறங்கையால் தாள் புரட்டினேன்.
ராத்திரி இரண்டு கோடுகளையும் வரைந்து
ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.
படிந்தது.
ஆறிப்போன மீனை அப்புறம்தான் தின்றேன்.

மாயாறும் பவானியும் கொண்டுவந்து கொட்டிய பாரத்தில்
பூமி நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது,
தூணோடு, ஏணியோடு, மீன் கடையோடு,
ஏணி மேல் நின்று மேலே முறைத்த என்னோடு.
மேலே போவது
போக வேண்டிய வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள்.
காங்கேயம் வரைக்கும் போகும், மஞ்சளுக்கு, நெல்லுக்கு.
பலகையில் எண் இறங்க இறங்க
தூண் நிமிர்கிறது. எவ்வளவு என்று இப்போது சொல்ல முடிகிறது.
'நிலை' என்பதை அழித்துவிட்டு
அங்கே என்ன எழுதுவதென்று தபஸ்ஸும் கேட்டாள்.
அணை மட்டம் என்று ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன்.
தமிழில் எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்காதாம்.

கிட்டுச்சாமியிடம் விஷயத்தைச் சொன்னேன்.
தண்ணீரைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.
"அப்ப எங்கூட்டு நெலக்கதவு
பொரட்டாசியானாச் சிக்குறது இதுனாலதானுங்?"
அது ஈரத்துக்கு மரம் ஊதுவது என்றேன்.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை.
"எந்த மட்டத்துல சிக்குதுன்னு
இனிமே குறிச்சு வெக்கறனுங்" என்று
ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.